எங்க ஊர் ஊதா

டீ குடிச்சிட்டு வந்துடறேன் டீச்சரம்மா, அதுக்குள்ள கலரைச் சொல்லிடுங்கன்னு சொல்லிட்டுப் பெயிண்டர் அந்தோணி போய் அஞ்சு நிமிஷம் ஆச்சு. கலரைச் சொல்லிடணுமாம். மணி என்னன்னு கேக்கிற மாதிரி கேட்டுட்டுப் போயிட்டாரு மனுஷன். மணி கேட்டா பாத்துச் சொல்லிடலாம், பத்தரை. கலரை எங்க பாத்துச் சொல்றது? கையில ஷேட் கார்டு இருக்கு, விசிறி மாதிரி விரியுது, ஃபேனைக் கழட்டி வச்சிருக்கிறதால அதாலயே விசிறிக்கிட்டு உக்காந்திருக்கேன். காலி ரூம், நடுவுல ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல நான். வடிவு. சங்கரவடிவு. கேர்ள்ஸ் ஸ்கூல்ல இருபத்தெட்டு வருஷம் டிராயிங் டீச்சர், ரிடையராகி மூணு வருஷம். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கலரைப் பத்திப் பாடம் எடுத்தவ, இன்னைக்கு ஒரு கலர் சொல்லத் தெரியாம உக்காந்திருக்கேன். நல்லா இருக்கு கதை. நேத்தே சுவத்துக்குப் பட்டி பாத்தாச்சு, விரிசலெல்லாம் அடைச்சுத் தேய்ச்சு வழவழன்னு வச்சிருக்காரு, பழைய வெள்ளைக்கு மேல ஒரு புது வெள்ளை, கண்ணு கூசுது. வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல். இந்த வீட்லயே நல்ல வெளிச்சம் இந்த ரூமுக்குத்தான், அதனாலதான் இது இவர் ரூம், எங்க வீட்டுக்காரர் ரூம். முப்பத்தாறு வருஷமா இதுக்குப் பேரே அதுதான், இவர் ரூம். மிச்சமிருக்கிற ஹாலு, சமையக்கட்டு, கொல்லை எல்லாம் சேத்து வீடு. இவர் போய் ஒரு வருஷம் ஆச்சு, போன மாசம் வருஷத் திதியும் முடிஞ்சுது, இன்னமும் இந்த ரூமுக்குள்ள வரும்போது வெறுங்காலைக்கூட ஒருதரம் மிதியடியில தேய்ச்சிட்டுத்தான் வர்றேன். ஓவியர் கோதண்டம் போயிட்டாரு, மிதியடி போகல. நாலு மணிக்கு வர்றாங்க. பரந்தாமன் வர்றாரு, கூட அறக்கட்டளைக்காரங்க மூணு பேர். இந்த ரூமை இப்படியே, தூசிகூடத் தட்டாம, நினைவில்லமா ஆக்கணுமாம். "அம்மா, அந்த வெண்மைதாம்மா அவரோட கடைசிப் படைப்பு"ன்னாரு பரந்தாமன் போன்ல. இவரோட சிஷ்யன், இவரைப் பத்தி ரெண்டு புஸ்தகம் போட்டவரு, அப்படித்தான் பேசுவாரு. நான் சரின்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. போனை வச்சிட்டு நேரா தெருமுனைக்குப் போய் அந்தோணியைக் கூட்டிட்டு வந்தேன். அவங்க வர்றதுக்குள்ள ரெண்டு சுவராவது நனைஞ்சிருந்தா அப்புறம் எவரும் ஒண்ணும் பண்ண முடியாது. ரூம் எனக்கு. வெளிச்சம் எனக்கு. ஒரே ஒரு கலரைச் சொல்லணும், அவ்வளவுதான்.

சொல்லேன் வடிவு. சொல்லித் தொலையேன். கார்டைத் திறந்தா வெள்ளையே பதினெட்டு வச்சிருக்கான் பாவி. முத்து, மல்லி, பாலு, தயிருன்னு ஒவ்வொண்ணுக்கும் இங்கிலீஷ்ல ஒரு பேரு. பக்கத்துல பக்கத்துல வச்சாத்தான் வித்தியாசமே தெரியுது, தனியா வச்சா எல்லாம் நம்ம வீடு. பல்லு டாக்டர்கிட்ட காத்துக்கிட்டிருந்தப்போ ஒரு பத்திரிகையில படிச்சேன், வீட்டு வண்ணமும் மனநிலையும்னு ரெண்டு பக்கம். மஞ்சள் அடிச்சா உற்சாகமாம். பச்சை அடிச்சா அமைதி. ஆரஞ்சு அடிச்சா பசிக்குமாம், இருக்கிற பசி போதாதுன்னு. கற்பனை பெருகணும்னா ஒரே ஒரு சுவத்துக்கு மட்டும் அழுத்தமான கலர் கொடுங்கன்னு எழுதியிருந்தான். எல்லாம் எழுதினான், யாரோட மனநிலைன்னு எழுதல. வீட்ல ரெண்டு பேர் இருந்தா? ஒருத்தர் மனசுக்கு அடிக்கிற கலரு இன்னொருத்தர் மேலயும்தானே தெறிக்குது? இவருக்கு வெள்ளையிலதான் கற்பனை ஓடும். "நிறம் சத்தம் போடுது வடிவு"ன்னுவார். மெதுவாத்தான் சொல்லுவார், இவர் ஒரு நாளும் குரலை உசத்தினதில்ல, அதுவே ஒரு கொடுமை. குரலை உசத்தினாலாவது நானும் உசத்தியிருப்பேன். திரைச்சீலை வெள்ளை. பெட்ஷீட் வெள்ளை. பாத்ரூம் பக்கெட்டு செவப்பா இருந்துச்சு, ஒரு நாள் குளிச்சிட்டு வந்து, "அந்த பக்கெட் என் தலைக்குள்ள வந்துடுச்சு"ன்னார். மறுநாள் வெள்ளை பக்கெட் வந்துச்சு. வெள்ளை பக்கெட்டைத் தேய்ச்சுப் பாத்தவங்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். கொடியில கலர் சேலை காயப் போடக்கூடாது, ஜன்னல் வழியாத் தெரியும். அதனால என் சேலையெல்லாம் கொல்லைக் கக்கூசுக்குப் பின்னாடி காயும், இவர் வேட்டியும் பெட்ஷீட்டும் முன்னாடி வெயில்ல ராஜாவாட்டம் காயும். வெள்ளையை வெள்ளையா வச்சிருக்கிறது யாரு? வாரத்துக்கு ரெண்டு தடவை ஊற வச்சு, அடிச்சு, நீலம் போட்டு. எங்க ஊர்ல நீலம்னா அது ஒண்ணுதான், வெள்ளைத் துணிக்குப் போடற சொட்டு நீலம். பரந்தாமன் புஸ்தகத்துல எழுதினாரே, அவர் வீடே ஒரு தியானம்னு, அந்தத் தியானத்துக்கு நான்தான் சொட்டு நீலம் போட்டேன். புஸ்தகத்துல என் பேரு ஒரு இடத்துல வருது. நன்றி பக்கத்துல, பல தடவை தேநீர் தந்த திருமதி கோதண்டம். காபின்னாவது சரியாப் போட்டிருக்கலாம்.

ஸ்கூலுக்குத்தான் நான் மனுஷியாப் போனேன். கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், அரக்குச் செவப்பு. டீச்சர் வர்றது தெருக்கோடியிலேயே தெரியும்னு பிள்ளைங்க சிரிக்கும். சிரிக்கட்டும். சாயங்காலம் வந்ததும் கொல்லை வழியா நுழைஞ்சு, சேலையை அவுத்து மடிச்சு ட்ரங்குப் பெட்டியில வச்சு, வெளுத்த வாயில் சேலை ஒண்ணு சுத்திக்கிட்டுத்தான் ஹாலுக்கே வருவேன். வேஷம் கலைக்கிற மாதிரி. எது வேஷம்னு யாரும் கேக்கல. கல்யாணமாகி ஆறாவது வருஷம் அம்மா ஊர்லேருந்து வந்தா. ஆறுமுகநேரியிலேருந்து திருச்சிக்கு ராத்திரியெல்லாம் பஸ்ல வந்தவ, வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு உள்ள பாத்துட்டு அப்படியே நின்னா. "ஏட்டி வடிவு, என்னட்டி இது? தாலி அறுத்தவ வீடு மாதிரில்லா இருக்கு"ன்னா. இவர் ரூமுக்குள்ள இருந்தார், காதுல விழுந்திருக்கும். "சும்மா இரும்மா, ஆர்ட்டிஸ்ட் வீடு"ன்னேன். "என்ன எழவு ஆர்ட்டோ, புருசன் உசுரோட இருக்கையிலயே இந்தக் கோலமாட்டி"ன்னு கண்ணைத் துடைச்சா. நாங்க உப்பளத்துக்காரங்க. அப்பா அளத்துல கணக்கப்பிள்ளை. வெள்ளையைப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போன ஜனம். எங்க பக்கம் வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறதுன்னா சிரிப்பாங்க, வெளிய பாத்தது போதாதாக்கும்னு. அங்கேருந்து தப்பிச்சு வந்தேன்னு நெனச்சேன், நேரா இங்க வந்து விழுந்தேன். இதுல வேடிக்கை என்னன்னா, இவர் போன பதினாறாம் நாள் நாத்தனார் பக்கத்துல வந்து, "அண்ணி, இனிமே கொஞ்சம் வெளிர்க் கலரா கட்டிக்குங்க, ஊரு பேசும்"னா. சிரிச்சுட்டேன். வாயைப் பொத்தப் பொத்தச் சிரிப்பு வந்துச்சு. துக்கத்துல புத்தி பேதலிச்சிருச்சுன்னு என்னை உள்ள கூட்டிட்டுப் போய்ப் படுக்க வச்சாங்க, வெள்ளை பெட்ஷீட்ல.

போன் அடிக்குது. சேரா. என் மகன் சேரலாதன், இவர் வச்ச பேரு, பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. எடுக்காம விடலாம். விட்டா பக்கத்து வீட்டுக்கு அடிப்பான். "அம்மா, பரந்தாமன் சார் பேசினார். நாலு மணிக்கு ரெடியா இருப்பல்ல?" இருக்கேன்டா. "ரூம்ல எதையும் தொடலையே?" கூட்டினேன். "ஐயோ, கூட்டாதன்னு சொன்னாங்கல்ல? அப்படியே இருக்கணும்மா. அதுதான் ஆதன்டிக்." சரிடா. "ரூமை அவங்ககிட்ட ஒப்படைச்சுட்டு நீ இங்க வந்துடும்மா. தனியா அங்க என்ன பண்ணப் போற? உனக்குன்னு ஒரு ரூம் வச்சிருக்கோம், பீஜ் கலர் அடிச்சு." பீஜ்னா என்னடா? "சந்தனம் மாதிரி. ஆனா சந்தனம் இல்ல. கண்ணுக்கு இதமா இருக்கும், உனக்கு நல்லாத் தூக்கம் வரும்." எனக்கு எதுக்குடா தூக்கம், முப்பத்தாறு வருஷமாத் தூங்கியாச்சு. "என்னம்மா சொல்ற?" ஒண்ணுமில்ல, வை. வச்சிட்டான். நல்ல பிள்ளைதான். அவனுக்கு ஞாபகமில்ல. அஞ்சு வயசுல இதே சுவத்துல, அதோ அந்த மூலையில, செவப்பு கிரேயான்ல ஒரு பஸ் வரைஞ்சான். என்ன பஸ்சு! சக்கரம் ஏழு, ஜன்னல் பூரா தலை, டிரைவருக்கு மீசை. நான் பாத்துட்டுக் கையைத் தட்டினேன். இவர் வந்து பாத்தார். அடிக்கல, திட்டல. ரெண்டு நாள் பிள்ளைகூடப் பேசல, அவ்வளவுதான். பிள்ளை ரெண்டு நாளும் சுவத்துப் பக்கமே வராம ஹால்ல உக்காந்து விரலைச் சூப்பிக்கிட்டிருந்தான், விட்ட பழக்கம் திரும்ப வந்துருச்சு. மூணாம் நாள் நான்தான் பஸ்சை அழிச்சேன். சோப்பு போட்டுத் தேய்ச்சேன், போகல, ரோஸா இளிச்சுது, அது மேல சுண்ணாம்பை அப்பினேன். என் கையாலதான். இவர் அழிக்கச் சொல்லலையே. சொல்லாமலே செய்யற அளவுக்குப் பழகியிருந்தேனே, அதைத்தான் இப்ப நெனச்சா வயிறு எரியுது. அதுக்கப்புறம் அவன் ஒரு கோடு போட்டதில்ல. கணக்குல நூத்துக்கு நூறு வாங்கினான். இப்ப ஆதன்டிக்காம்.

சரி, எல்லாப் பழியும் வெள்ளை மேலன்னு வச்சுக்குவோம். வச்சுக்கறது சுகமா இருக்கு. முந்தாநாள் கடைக்குப் போய்ப் பெரிய டிராயிங் நோட்டு ஒண்ணும் கலர் பெட்டியும் வாங்கிட்டு வந்தேன், திருட்டுத்தனமா, பையில முருங்கைக்கீரைக்கு அடியில வச்சு. இவர்தான் இல்லையே, யாருக்குப் பயந்து ஒளிச்சேன்னு தெரியல. சமையக்கட்டு மேடையில விரிச்சு வச்சு உக்காந்தேன். காலேஜ்ல நானும்தானே படிச்சேன், இவரைவிட ரெண்டு வருஷம் கீழ. வாத்தியார் என் படத்தை எல்லாரையும் கூப்பிட்டுக் காமிப்பாரு, இந்தப் பொண்ணு கலர் வைக்கிற தைரியத்தைப் பாருங்கடான்னு. கோதண்டம் என்னைத் திரும்பிப் பாத்ததே அதனாலதான். அந்தத் தைரியம் எங்கயாவது ஒட்டிக்கிட்டிருக்கும்னு உக்காந்தேன். கை தானா ஓடுச்சு. என்ன வந்துச்சு? மாம்பழம். ரெண்டு இலையோட மாம்பழம். ஆறாம் வகுப்பு முதல் பாடம். தாளைக் கிழிச்சுட்டு மறுபடி உக்காந்தேன். ரெண்டு மலை, நடுவுல சூரியன், பக்கத்துல ஓட்டு வீடு, ஒரு தென்னை. கிழிச்சேன். மறுபடி மாம்பழம், இந்தத் தடவை மூணு இலை. வெள்ளைச் சுவருதான் காரணம்னு சொல்றேனே, ஸ்கூல்ல வெள்ளை இல்லையே? அங்க பச்சைச் சுவரு, கலர் கலரா நானூறு பிள்ளைங்க, அங்கயும்தானே இருபத்தெட்டு வருஷம் மாம்பழம் போட்டேன்? கலர் அடிச்சப்புறமும் மாம்பழம்தான் வரும்னா? அப்ப யாரைத் திட்டுவ? இவர் இருந்த வரைக்கும் திட்ட ஆள் இருந்தார். இந்தச் சுவரு வெள்ளையா இருக்கிற வரைக்கும்கூட ஆள் இருக்கு. நாளைக்குக் காலையில புதுக் கலருக்கு நடுவுல உக்காந்து, கையில பிரஷ்ஷை வச்சுக்கிட்டு, ஒண்ணும் வரலைன்னா, அது நான்தான். வேற யாருமில்ல. பேசாம ஒப்படைச்சிடு வடிவு. நினைவில்லம் ஆகட்டும். பீஜ் ரூம்ல போய்ப் படு. அந்தோணிக்கு என்ன, ரெண்டு நாள் கூலியைக் கொடுத்தாச் சரின்னு போயிடுவாரு.

"என்னம்மா, முடிவாச்சா?" அந்தோணி வாசப்படியில நிக்கிறாரு, வாயில பாக்கு வாசனை. அதுக்குள்ள வந்தாச்சு. பாக்கறேன் அந்தோணின்னேன். "சந்தனம் போட்டுடுவோமா? எல்லாரும் அதான் போடறாங்க, குத்தம் சொல்ல முடியாது." வேணாம். "பிஸ்தாப் பச்சை?" வேணாம். "அப்ப மறுபடி வெள்ளையே அடிச்சிடவா? சாருக்குப் புடிச்சது." ஊதா, அப்படின்னேன். நான் சொல்லணும்னு நெனச்சுச் சொல்லல. வெள்ளைன்னு அவர் சொன்னதும் வாயிலேருந்து விழுந்துச்சு. "ஊதாவா? நாலு சுவருமா?" நாலு சுவரும். "லைட்டாவா, டார்க்காவா?" நல்லா டார்க்கா. அந்தோணி சுவரை ஒரு சுத்து பாத்தாரு. "சாருக்கு அந்தக் கலரும் புடிக்குமோ?" எனக்குப் பிடிக்கும்னேன். அறுபத்தொரு வயசுக் கிழவி, ஒரு கலரைப் பிடிக்கும்னு சொல்றதுக்குக் கண்ணுல தண்ணி. அந்தோணி நல்ல மனுஷன், பாக்காத மாதிரி குனிஞ்சு டப்பாவையும் அதுல கலக்கற சாயக் குப்பிங்களையும் தூக்கினாரு. "நீங்க போய் ஹால்ல உக்காருங்கம்மா, வாடை ஆகாது. ஒரு சுவரு முடிச்சுட்டுக் கூப்பிடறேன்." வந்து உக்காந்துட்டேன். கொல்லையில குச்சியால கலக்கற சத்தம். கடகட, கடகட. அப்புறம் ரோலர் சத்தம், ஈரத் துணியைத் தரையில இழுக்கற மாதிரி. சொல்லிட்டேன். ஐயோ, சொல்லிட்டேன்.

ஊதா. எவ்வளவு நாளாச்சு அந்த வார்த்தையை வாயில வச்சு. ஊர்ல உப்பளத்துக்கு அந்தப் பக்கம், வெள்ளையெல்லாம் முடியற இடத்துல, ஒரு பட்டையா ஊதா தெரியும். கடல். வேற எங்க பாத்தாலும் கண்ணு எரியும், அங்க பாத்தா ஆறும். அப்புறம் பேனா மை. செவப்பு மையில எழுதினா சண்டை, ஊதா மையிலதான் பரிட்சை எழுதணும், விரலெல்லாம் ஊதா, யூனிபார்ம் பாக்கெட்டெல்லாம் ஊதா. அதுதான் என் கலரு. காலேஜ்ல வாத்தியார் மெச்சினதும் அந்தக் கலரு வச்ச படத்தைத்தான். இவர்கிட்டயும் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கேன். கல்யாணமாகி எட்டு மாசம். இதே ரூம், அப்ப சுவரெல்லாம் இளமஞ்சள். இவர் ஒரு பெரிய படத்தை வச்சுக்கிட்டு மூணு வாரமாத் திண்டாடுறார், எல்லாம் சாம்பல், பழுப்பு, மண்ணு. வலது மேல் மூலை காலியா நிக்குது. அடுப்புல பாலை வச்சிட்டு எட்டிப் பாத்தேன். "வடிவு, இந்த மூலைக்கு என்ன போடலாம்?"ன்னார். அப்ப கேப்பார். அப்ப இவருக்கு என்கிட்ட கேக்கறதுக்குக் கூச்சம் வரல. யோசிக்காமச் சொன்னேன், ஊதா போடுங்கன்னு. எனக்கு அந்த மூலையில கடல் தெரிஞ்சுது. பால் பொங்குற வாசனை வந்து உள்ள ஓடினேன். இறக்கி, ஆத்தி, காபி கலந்து எடுத்துட்டு வந்தா, மூலை பூரா கத்திரிக்காய். நல்ல முத்தின கத்திரிக்காய்க் கலரு. இவர் கும்பகோணத்துக்காரர், அந்தப் பக்கம் ஊதான்னா அது. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. இது இல்லைங்கன்னு சொல்ல வாயைத் திறந்தேன். இவர் திரும்பிப் பாத்தார், முகத்துல அப்படி ஒரு சந்தோஷம், சின்னப் பிள்ளை கணக்கா. "வந்துடுச்சு வடிவு!"ன்னார். வாயை மூடிக்கிட்டேன். அந்தப் படம்தான் டெல்லிக்குப் போச்சு, பரிசு வாங்குச்சு, பத்திரிகையெல்லாம் அந்த ஊதா, அந்த ஊதான்னு எழுதினாங்க. வீட்டுக்கு வந்து பேட்டி எடுத்தாங்க. "அந்த நிறம் எங்கேருந்து வந்தது?" நான் பஜ்ஜித் தட்டோட நிக்கிறேன். இவர் தரையைப் பாத்துக்கிட்டு, "மௌனத்திலிருந்து"ன்னார். மௌனமாம்! ஆமா, என்னோட மௌனம்தான், வேற யாரோடது? அப்புறம் ரெண்டு வருஷம் கலர்ல போட்டுப் போட்டுப் பாத்தார், ஒண்ணும் உக்காரல. சமையக்கட்டு வாசப்படி வரைக்கும் வருவார், நிப்பார், காபி இருக்கான்னு கேட்டுட்டுப் போயிடுவார். கேக்க வந்தது காபி இல்லன்னு எனக்குத் தெரியும். கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேனே. கேக்கல. ஒரு நாள் ஆளைக் கூட்டிட்டு வந்து வீடு பூரா வெள்ளை அடிச்சார். நிறம் சத்தம் போடுதுன்னு அன்னைக்குத்தான் முதல் தடவையாச் சொன்னார். சத்தம் போட்டது நிறம் இல்ல, நான். என் குரலைத்தான் வெள்ளை அடிச்சார்னு நான் நெனைக்கிறேன். நெனைக்கத்தான் முடியும், கேட்டுத் தெரிஞ்சுக்க ஆள் இல்ல. ஆனா பாதிதான் இவருக்குத் தெரியும். வார்த்தை என்னோடதுன்னு தெரியும், அதைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டுத்தான் பேர் வாங்கினார்னு சாகற வரைக்கும் தெரியாது. அதை நான் சொல்லவே இல்ல. கோபம் வர்றப்பெல்லாம் எடுத்துப் பாத்துக்குவேன், உனக்கு என் ஊதா தெரியாதுய்யா, உனக்குக் கிடைச்சது கத்திரிக்காய்தான்னு. அதுல ஒரு அல்ப சந்தோஷம். கும்பகோணத்துல ஊதான்னா அது, எங்க பக்கம் ஊதான்னா கடல் கலரு. ரோலர் சத்தம் கேக்குது. அந்தோணிக்கு எந்த ஊரு? லால்குடி. லால்குடியில ஊதான்னா எது?

எழுந்திருச்ச வேகத்துல நாற்காலி சாஞ்சு விழுந்துச்சு. கதவைத் தள்ளினா, இருக்கு. ஜன்னலை ஒட்டின சுவத்துல முக்கால் முடிஞ்சாச்சு. கத்திரிக்காய். அதே கத்திரிக்காய், ஈரமா மினுங்கிக்கிட்டு. "எப்படிம்மா? கும்முன்னு இல்ல?"ங்கறாரு அந்தோணி. கும்முன்னுதான் இருக்கு, அதுதான் வயித்தெரிச்சல். வடக்கு வெளிச்சத்துல அது பாட்டுக்கு அழகா இருக்கு. நாலு மணிக்குப் பரந்தாமன் வந்து பாத்தா வாசல்லயே கையெடுத்துக் கும்பிடுவாரு. அம்மா, அவரோட ஊதா! எப்பேர்ப்பட்ட அஞ்சலி! மூணாவது புஸ்தகம் வரும், அட்டையில இந்தச் சுவரு, பக்கத்துல வெளிர்க் கலர் சேலையில நான். ஒருத்தருக்கும் கோபம் இருக்காது. சேராகூட அழுவான். நான் ஒண்ணும் செய்ய வேணாம், வாயை மூடிக்கிட்டு நின்னாப் போதும். எனக்குத் தெரியாத வேலையா அது? காபி போட்டுக் கொண்டுவர்றேன்னு திரும்பிப் போயிடலாம். கால்கூடத் திரும்பிருச்சு. "அந்தோணி, நிறுத்துங்க. இது ஊதா இல்ல." யாரு பேசறதுன்னு நானே பாத்தேன். "இதாம்மா ஊதா"ன்னு கார்டை எடுத்து நீட்டுறாரு. "வயலெட்டு." இது இல்ல, எங்க ஊர் ஊதா வேற. "வேறன்னா? ப்ளூவா?" ப்ளூவும் இல்ல. பேனா மை. கடல். அவர் முழிக்கிறாரு, பாவம். வாயால சொல்லி இதுவரைக்கும் யாருக்குப் புரிஞ்சுது? ஹாலுக்கு ஓடி அலமாரியைத் துழாவினேன், ஸ்கூல் ரெஜிஸ்டர் எழுதின மை பாட்டில் அடியில கிடந்துச்சு, மூடி இறுகிப்போய்ப் பல்லால கடிச்சுத் திறந்தேன். விரலை உள்ள விட்டேன். எதிர்ச்சுவத்துல, அந்த வழவழப்பான வெள்ளையில, முத்து மல்லி பால் தயிரு எல்லாத்து மேலயும் ஒரு இழுப்பு இழுத்தேன். இதான். பாத்துக்குங்க. இதான் ஊதா. "சரிம்மா, தெரிஞ்சிடுச்சு, போதும்"ங்கறாரு அந்தோணி. விரலை மறுபடி முக்கினேன். கோடு மாம்பழமா வளையப் பாத்துச்சு, விடல, இழுத்துப் பிடிச்சு நேரா விட்டேன். கீழ சொட்டுது, சொட்டட்டும். எங்க போகுதுன்னு தெரியல, வயசான கை, ஆடுது, கோடும் ஆடுது. ஹால்ல போன் அடிக்குது, சேராவா பரந்தாமனா தெரியல. பின்னாடி அந்தோணி டப்பாவை மூடிக்கிட்டே அலுத்துக்கறாரு. "இனி இது மேல வெள்ளை அடிச்சு, காஞ்சப்புறம்தான் உங்க கலரு ஏறும். மொதல்லயே சொல்லியிருக்கலாம்லம்மா, ஒரு வார்த்தை."

நான் திரும்பல. "சொன்னேன் அந்தோணி. ரெண்டு தடவையும் ஊதான்னுதான் சொன்னேன்."